ஆடு முடிக்காத சொல்

அந்தக் காலத்தில் ஆடு பேசும். மாடும் பேசும், காகமும் பேசும், கிணற்றுத் தவளைகூடப் பேசும். ஆனால் அவையெல்லாம் மனிதனைப்போலக் கூட்டியும் குறைத்தும் பேசும். ஆட்டுக்கு மட்டும் பொய் சொல்லத் தெரியாது. அதனால் இங்கிலாந்து தேசத்தில் ஒரு வழக்கு வந்தால், பத்து மனிதர் சத்தியம் செய்வதைவிட ஓர் ஆடு வாய் திறப்பதையே பெரிதாக மதித்தார்கள். ஆடு சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

மனிதருக்கு அன்று ஒற்றைப் பெயர்தான். குடும்பப் பெயர் என்று எதுவும் பின்னால் தொங்காது. ஓர் ஊரில் நான்கு ஜான் இருந்தால் நெட்டை ஜான், நொண்டி ஜான் என்று ஊரே ஒட்டுப்பெயர் வைத்துக் கூப்பிடும். ஆள் செத்தால் அந்த ஒட்டுப்பெயரும் அவனோடு குழிக்குள் போய்விடும்.

வடக்கே, மலைச்சரிவில், ரேவன்பெக் என்று ஓர் ஊர். காற்று அடித்தால் கல்லுக்கும் குளிரும். அங்கே காட்ரிக் என்று ஒரு மேய்ப்பன் இருந்தான். அவன் பெண்டாட்டி ஹாவிஸ். மூன்று பிள்ளைகள். ஹாவிஸுக்கு வாய் கொஞ்சம் நீளம். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அந்த வாயை அவள் அடக்கிய ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் இந்தக் கதை.

ஒரு வருஷம் அந்த ஊர்க் கிறிஸ்தவக் கோயிலை அர்ச்சித்துத் திறந்துவைக்கப் பிஷப் வந்தார். பிஷப் தெரியும்தானே, குருமாருக்கெல்லாம் பெரியவர். நம் பக்கத்துப் பழைய கிறிஸ்தவர்கள் மேற்றிராணியார் என்று மரியாதையாகச் சொல்வார்கள். தலையில் கூம்புத் தொப்பி, விரலில் மோதிரம், கையில் நுனி வளைந்த ஒரு கோல். ஓடுகிற ஆட்டின் காலைக் கொக்கி போட்டு இழுக்க மேய்ப்பன் வைத்திருப்பானே, அதே வளைவு. ஜனங்கள் மந்தை, அவர் மேய்ப்பர் என்பதற்கு அது அடையாளமாம். ஒரு வித்தியாசம், அவருடைய கோல் வெள்ளி. அதை வைத்து அவர் ஓர் ஆட்டையும் இழுத்ததில்லை.

கூட்டத்தில் நின்ற ஆஸ்பர்ட் சும்மா இருந்திருக்கலாம். ஊருக்கு மாவு அரைப்பவன் அவன், அதோடு ஊர்வம்பையும் சேர்த்து அரைப்பவன். "அடேய், நம்ம காட்ரிக் கையிலயும் அதே கோல்தான்டா! வெளியூர் பிஷப் நமக்கு எதுக்கு? இந்தா, உள்ளூர் பிஷப்!" என்றான். ஊரே சிரித்தது. காட்ரிக்கும் சிரித்தான். அன்று சாயங்காலத்துக்குள் அவன் பெயர் பிஷப் ஆகிவிட்டது.

ஹாவிஸுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "பெரிய இடத்துப் பெயரை விளையாட்டுக்கும் தலையில தூக்கி வச்சுக்கக் கூடாதுங்க" என்றாள்.

"பெயர்தானே ஹாவிஸ், கடிக்கவா போகுது?" என்றான் காட்ரிக்.

ஆடுகளுக்கு அந்தப் பெயர் ரொம்பவே பிடித்துப்போயிற்று, ஆனால் அவை பிஷப் என்று சொல்லாமல் மேற்றிராணியார் என்றே சொல்லும். 'மே' என்று தொடங்குகிற எந்தச் சொல்லும் ஆட்டுக்குப் பிடிக்கும். பசித்தால் "மேய்ப்பரே" என்று கூப்பிடும். வயிறு நிறைந்து செல்லம் கொஞ்சத் தோன்றினால் "மேற்றிராணியாரே" என்று கூப்பிடும். அவற்றுக்கு இரண்டும் ஒரே ஆள்தான். அதிலும் மந்தைக்கு மூத்தவளான வெள்ளைமூக்கி அந்த நீளப் பெயரை இழுத்து இழுத்துச் சொல்லி ரசிப்பாள். அவள் பிறந்தபோதே தாய் செத்துவிட்டது. ஹாவிஸ்தான் அடுப்படியில் வைத்து, துணியைப் பாலில் நனைத்துப் புகட்டி வளர்த்தாள். அதனால் வெள்ளைமூக்கி அவளை அம்மா என்றே கூப்பிடுவாள்.

இப்படிச் சில வருஷம் போயிற்று. பிறகு ராஜாவுக்கும் பிஷப்புக்கும் ஆகாமல் போனது. என்ன தகராறு என்று என்னிடம் கேட்காதீர்கள். பெரியவர்கள் சண்டை போடுவார்கள், சாகிறது சின்னவர்கள். 'பிஷப்பைக் கண்ட இடத்தில் தலையை எடு. அவருக்கு ஒளிய இடம் கொடுத்தவன் வீட்டைக் கொளுத்து, தொட்டில் பிள்ளை வரைக்கும் தூக்கில் போடு' என்று ராஜா ஊர் ஊராய்த் தண்டோரா போடச் சொன்னான். ரேவன்பெக்கிலும் போட்டார்கள். ஹாவிஸ் தன் காதால் கேட்டாள்.

ஆடுகள் குட்டி போடுகிற மாசி மாதம். பனிமூட்டம் விலகாத ஒரு காலையில், காலில் ஒற்றைச் செருப்போடு ஒரு பெரிய மனிதர் ஆட்டுப்பட்டி வாசலில் வந்து நின்றார். காட்ரிக் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டான். பிஷப்.

"மேய்ப்பனுக்கு மேய்ப்பன் உதவக் கூடாதா?" என்று கேட்டார் அவர். எத்தனை பிரசங்கம் செய்தவர், எந்தச் சொல் எங்கே தைக்கும் என்று தெரியாதா?

ஹாவிஸ் புருஷனைத் தனியே இழுத்தாள். "என்னங்க, நமக்கு மூணு பிள்ளைங்க. தண்டோரா கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். வாசல்ல வந்து நிக்கிற ஆட்டை ஓநாய்கிட்டயா விடச் சொல்றே?"

ஹாவிஸ் போய் ஏணியை எடுத்துவந்து சாத்தினாள். பட்டிக்கு மேலே இருந்த வைக்கோல் பரணில் பிஷப்பை ஏற்றினார்கள். ஊரில் வேறு யாருக்கும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பிஷப் தன் அங்கியைக் கழற்றிக் காட்ரிக்கிடம் கொடுத்தார். உள்ளே நரித்தோல் வைத்துத் தைத்த அருமையான கம்பளி அங்கி. "இது உடம்பில் இருந்தால் என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள். உன் ஆட்டுத்தோலை எனக்குக் கொடு, இதை நீ வைத்துக்கொள்" என்றார்.

"அதை அடுப்புல போடுங்க" என்றாள் ஹாவிஸ்.

காட்ரிக் அதைக் கையில் பிடித்துத் தடவிப் பார்த்தான். வேறு யாராக இருந்தாலும் எரித்திருப்பான், இல்லையென்றால் புதைத்திருப்பான். இவன் மேய்ப்பன். வெள்ளைமூக்கி அன்று விடியலில் போட்ட குட்டி குளிரில் விறைத்துக் கிடந்தது. "இவ்வளவு நல்ல கம்பளியை எரிக்க மனசு வரலை ஹாவிஸ். குட்டி பிழைக்கட்டும், நாளைக்கு எரிச்சிடுறேன்" என்று சொல்லி, அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, குட்டியை உள்ளே வைத்து நெஞ்சோடு மூடிக்கொண்டான்.

அப்போதுதான் குதிரைகள் வந்தன. பன்னிரண்டு வீரர்கள், அவர்களுக்கு ஒரு தலைவன். ஊர் ஜனங்களையெல்லாம் பட்டிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தலைவன் மனிதர் யாரையும் கேட்கவில்லை. நேரே மந்தையிடம் போனான். அனுபவசாலி.

"மேற்றிராணியார் எங்கே?" என்று கேட்டான்.

வெள்ளைமூக்கிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குட்டி பிழைத்துக்கொண்டது, அதைக் கதகதப்பாக வைத்திருப்பவரைத் தேடி இவ்வளவு தூரத்திலிருந்து குதிரையில் ஆட்கள் வந்திருக்கிறார்கள். கழுத்தை நிமிர்த்தி, "அதோ! அதோ நிற்கிறாரே, அவர்தான் எங்கள் மேற்றிராணியார்!" என்றாள்.

"ஐயா, நான் ஆடு மேய்க்கிறவன்! மேய்ப்பன்!" என்று கத்தினான் காட்ரிக்.

"எல்லாப் பிஷப்பும் அதைத்தான் சொல்கிறார்கள்" என்றான் தலைவன். அங்கியின் ஓரத்தைக் கத்தி நுனியால் தூக்கினான். நரித்தோல் தெரிந்தது. கூட்டத்தில் முன்னால் நின்ற ஆஸ்பர்ட்டின் பக்கம் திரும்பி, "இவனை ஊரில் எப்படிக் கூப்பிடுவீர்கள்?" என்று கேட்டான்.

ஆஸ்பர்ட் ஓரடி பின்வாங்கினான். "பிஷப்புன்னுதான் ஐயா... ஆனா அது சும்மா—"

"ஆனா வேண்டாம்."

ஹாவிஸின் கண் தானாகப் பரணுக்குப் போயிற்று. ஒரு வார்த்தை போதும். 'மேலே இருக்கிறார்' என்றால் புருஷன் தலை தப்பும். வாயைத் திறந்துவிட்டாள். காட்ரிக் அவளைப் பார்த்தான். பிறகு குடிசை வாசலில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்ற மூன்று பிள்ளைகளைப் பார்த்தான். பிறகு மறுபடி அவளைப் பார்த்து, யாருக்கும் தெரியாதபடி தலையை அசைத்தான். வேண்டாம். ஒளித்து வைத்தது தெரிந்தால் தொட்டில் பிள்ளை வரைக்கும் என்றல்லவா தண்டோரா? ஹாவிஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாயெல்லாம் ரத்தம், அவள் விடவில்லை.

பரணில் வைக்கோல் சரசரத்தது. இரண்டு துரும்பு கீழே விழுந்தது. அதற்கு மேல் அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.

"இதைப் பிடி" என்று காட்ரிக் குட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தான். சூடாக இருந்தது அது. மண்டியிடச் சொன்னார்கள், மண்டியிட்டான். பெரிய ஆட்களுக்குத் தலைக்கு வருவது தலைப்பாகையோடு போய்விடும். காட்ரிக்கிடம் தலைப்பாகை ஏது? தலையே போயிற்று.

வீரர்கள் தலையை ஈட்டியில் குத்தி எடுத்துக்கொண்டு போனார்கள். உடம்பைப் பட்டியிலேயே விட்டுவிட்டார்கள். வெள்ளைமூக்கி கிட்டே வந்து, "ஏம்மா அழறே? நான் சரியாத்தானே சொன்னேன்?" என்று கேட்டாள். ஹாவிஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பிஷப் ஏணி வழியாக இறங்கி வந்தார். உடம்பின் பக்கத்தில் முழந்தாளிட்டு லத்தீனில் ஏதோ சொல்லிச் சிலுவை போட்டார். "கடவுள் சித்தம்" என்றார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஆண்டகையே. மேலதானே இருந்தீங்க?"

"நான் திருச்சபைக்கு வேண்டியவன், மகளே" என்றார் பிஷப். காட்ரிக்கின் ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு, காட்ரிக்கின் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு மலைப் பாதையில் போனார். நல்ல மேய்ப்பர்!

அந்த ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. உடம்பு ஓரிடம், தலை ஓரிடம் என்று புதைத்தால் நியாயத்தீர்ப்பு நாளில் அந்த ஆள் எழுந்திருக்க முடியாது. எல்லாரும் எழுந்து வரிசையில் நிற்க, அவன் மட்டும் மண்ணுக்குள் கண்ணில்லாமல் தடவிக்கொண்டு கிடப்பான். ஹாவிஸால் அதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. புருஷன் உடம்பைப் பனிக்குள் புதைத்து மேலே கல் அடுக்கினாள். பிள்ளைகளை அண்டை வீட்டில் விட்டாள். இரண்டு நாள் நடந்து பட்டணம் போய்ச் சேர்ந்தாள்.

கோட்டை வாசல் மேலே தலை இருந்தது. வைக்கோலில் கூம்புத் தொப்பி பின்னி அதற்கு மாட்டியிருந்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் கீழே நின்று ஆசீர்வாதம் கேட்பதுபோல் குனிந்து சிரித்தார்கள்.

"அந்தத் தலையைக் கொடுங்க" என்றாள் காவலனிடம்.

"சொந்தக்காரர் வந்தால் கொடுக்கலாம் என்று உத்தரவு உண்டு. பிஷப்புக்கு ஏதடி சொந்தக்காரர்? நீ யார் அவருக்கு?"

மேய்ப்பன் பெண்டாட்டி என்று சொன்னால்? அப்படியானால் பிஷப் எங்கே, அவர் அங்கி உன் புருஷன் தோளுக்கு எப்படி வந்தது என்று கேட்பார்கள். மறுநாளே ரேவன்பெக்குக்குக் குதிரை போகும். ஹாவிஸ் தலையை நிமிர்ந்து பார்த்தாள். காட்ரிக்கின் ஒரு கண் பாதி திறந்திருந்தது.

"நான் பிஷப்போட பெண்டாட்டி" என்றாள்.

வாசலே வெடித்துச் சிரித்தது. பிஷப் கல்யாணம் செய்யக் கூடாதவர். பிஷப்பின் பெண்டாட்டி என்று ஒருத்தி சொன்னால், ஊர் வாயில் அவளுக்கு வேறு பெயர். ஹாவிஸுக்கு அது தெரியாமல் இல்லை. புருஷனைத் தவிர இன்னொருவன் நிழலையும் மிதிக்காதவள், தெரிந்தேதான் சொன்னாள்.

கோயில் எழுத்தரிடம் அவளை இழுத்துப்போனார்கள். அவர் தோல் சுவடியை விரித்து, "பிள்ளைகள் உண்டா?" என்று கேட்டார்.

"மூணு. சிசிலி, ஹ்யூ, ரால்ஃப்."

"யார் பிள்ளைகள்?"

"அதோ அந்தத் தலைக்குச் சொந்தக்காரர் பிள்ளைகள்."

எழுத்தர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதினார்: சிசிலி பிஷப், ஹ்யூ பிஷப், ரால்ஃப் பிஷப். பிறகு தண்டனையைச் சொன்னார். மூன்று ஞாயிறு, வெறுங்காலோடு, உள்பாவாடையோடு, தலையை விரித்துப்போட்டுக் கோயில் வாசலில் நிற்க வேண்டும். அதன் பிறகு தலையைக் கொண்டுபோகலாம்.

நின்றாள். முதல் ஞாயிறு துப்பினார்கள். இரண்டாம் ஞாயிறு சேறு அடித்தார்கள். மூன்றாம் ஞாயிறு ஒரு கிழவி கிட்டே வந்து, "இவ்வளவு பட்டும் அவனுக்காகவா நிக்கிறே?" என்று கேட்டாள். "ஆமாம், அவருக்காகத்தான்" என்றாள் ஹாவிஸ். அவள் வாழ்நாளில் சொன்ன உண்மைகளில் அதற்கு மிஞ்சியது இல்லை. தலையைக் கோணியில் போட்டுக் கொடுத்தார்கள். வைக்கோல் தொப்பியைப் பிய்த்து எறிந்துவிட்டு, தன் முக்காட்டுத் துணியில் சுற்றி, குட்டியைத் தூக்கிப் போகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

தலையையும் உடம்பையும் சேர்த்துப் புதைத்த அன்று மந்தை முழுதும் குழியைச் சுற்றி நின்றது. வெள்ளைமூக்கி குழிக்குள் எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"அம்மா, நான் சொன்னதாலயா?"

"நீ பொய் சொல்லலை, கண்ணு."

"பொய் சொல்லாமலே ஒருத்தரைக் கொல்ல முடியுமா, அம்மா?"

ஹாவிஸ் மண்ணைத் தள்ளினாள்.

அந்தக் கோடையிலேயே ராஜா குதிரையிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்தான். பிஷப் உயிரோடு வெளியே வந்தார். அதே வெள்ளிக் கோல், அதே உயரமான நாற்காலி. ஆனால் ஒரு வில்லங்கம். அவருக்கு மலைநாட்டில் ஒரு பெண்டாட்டியும் மூன்று பிள்ளைகளும் இருப்பதாகக் கோயில் சுவடியிலேயே எழுதியிருந்தது. அவர் பல்லக்கு போகிற தெருவிலெல்லாம் ஜனங்கள் பிள்ளைகள் சௌக்கியமா என்று கேட்டார்கள். அவர் மறுத்தார். ஆனால் தன் வழக்குக்குத் தானே சாட்சி சொன்னால் யார் நம்புவார்கள்?

பரிவாரத்தோடு ரேவன்பெக்குக்கு வந்தார். ஊரைக் கூட்டினார். "மகளே, இனிப் பயமில்லை. செத்தது உன் புருஷன், அவன் வெறும் மேய்ப்பன் என்று எல்லார் முன்னாலும் சொல். என் பெயர் நாறுகிறது" என்றார்.

ஹாவிஸ் வாயைத் திறந்தாள். அன்று அடக்கிய வாய்.

"அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாம நாக்கைக் கடிச்சுக்கிட்டு நின்னேன் ஆண்டகையே. நீங்க மேல வைக்கோலுக்குள்ள இருந்தீங்க. உங்க பெயரை அவர் கழுத்துல மாட்டிவிட்டீங்க, கழுத்தோட போச்சு. இப்ப வந்து திருப்பிக் கொடுன்னா எப்படி? மூணு ஞாயிறு சேத்துல நின்னு வாங்கின பெயர் அது. என் பிள்ளைங்க பெயர். தர மாட்டேன்."

பிஷப்பின் முகம் கறுத்தது. "மனிதர் சாட்சி வேண்டாம். ஆடு சொல்லட்டும்" என்றார்.

வெள்ளைமூக்கியைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார்கள். பிஷப் குனிந்து, "ஆட்டுக்குப் பொய் தெரியாது. சொல். இந்தப் பட்டியில் தலை போனவர் யார்? மேய்ப்பரா, மேற்றிராணியாரா?" என்று கேட்டார்.

வெள்ளைமூக்கி ஹாவிஸைப் பார்த்தாள். மேய்ப்பர் என்றால் அம்மா பட்ட அவமானமெல்லாம் வீண், பிள்ளைகள் பெயர் போய்விடும், இந்த மனிதர் சிரித்துக்கொண்டே பல்லக்கில் ஏறிவிடுவார். மேற்றிராணியார் என்றால், அந்தச் சொல்லைத்தானே அன்றைக்கும் சொன்னாள்? மறுபடி எப்படிச் சொல்வாள்? வாய் திறந்தது. "மே..." என்றாள். நின்றாள். மறுபடி, "மே... மே..."

"சொல்!" என்று கோலால் தரையைத் தட்டினார் பிஷப்.

"மே..." என்றது வெள்ளைமூக்கியின் குட்டி. "மே..." என்றது அதற்குப் பக்கத்து ஆடு. மந்தை முழுக்க அந்த ஓரெழுத்திலேயே நின்றது. பொழுது சாயும்வரை பிஷப் காத்திருந்தார். அதற்கடுத்த எழுத்து வரவே இல்லை. பல்லக்குத் திரையை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப்போனார். அவர் சொந்தப் பெயர் என்ன என்று இன்று கேட்டுப்பாருங்கள், ஒருவருக்கும் தெரியாது.

சிசிலிக்கும் ஹ்யூவுக்கும் ரால்ஃபுக்கும் பிள்ளைகள் பிறந்தார்கள், அந்தப் பிள்ளைகளுக்கும் பிறந்தார்கள். செத்தவனோடு குழிக்குள் போயிருக்க வேண்டிய பெயர் போகவில்லை. படித்தவர்கள் இதற்கு வேறு காரணம் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். கல்யாணமே கூடாத பிஷப்பின் பெயரை இங்கிலாந்தில் தச்சனும் கொல்லனும் பஸ் ஓட்டுகிறவனும் குடும்பப் பெயராக வைத்திருப்பது ஹாவிஸ் கோட்டை வாசலில் வாய் திறந்த அன்று தொடங்கியதுதான். அவர்கள் வீட்டு வேலிக்கு அப்பால் மேய்கிற ஆடு, யாராவது வருவதைக் கண்டால், தலையைத் தூக்கி "மே..." என்று ஆரம்பிக்கும். வாயில்லா ஜீவன் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். வெள்ளைமூக்கி அன்றைக்கு நிறுத்திய இடத்தைத் தாண்டி இன்னொரு எழுத்தைச் சொல்ல அன்று முதல் எந்த ஆட்டுக்கும் தைரியம் வரவில்லை.